வாசலில் மறித்த வெள்ளைக் கோட்டு

அம்மாளாச்சி துணை

வட்டக்கச்சி
11.10.2025

மகப்பேற்று விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டருக்கு,

இது சுகம் விசாரிக்க எழுதும் கடிதம் அல்ல. ஒரு நியாயம் கேட்க எழுதுகிறேன். என் பெயர் சிவனேஸ்வரி. உங்கள் விடுதியில் பயிற்சி செய்யும் டொக்டர் நிருஷனின் அம்மம்மா நான்.

போன செவ்வாய்க்கிழமை காலை என் பேரனை விடுதி வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினீர்களாம். அவன் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வளவுக் கமலேஸ்வரியின் மருமகள் சாரங்கா வயிறு வெட்டிப் பிள்ளை பெற்று உங்கள் விடுதியில் படுத்திருந்தவள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கமலேஸ்வரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் என் காதில் மெல்லச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சங்கக்கடை வரிசையில் வைத்துச் சொன்னாள். "சிவனேசக்கா, உங்கட டொக்டரை மிசி உள்ளுக்கு விடேல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போன பொடியன் மாதிரி வாசல்லை நிண்டவர்" என்றாள்.

வரிசையில் பதினான்கு பேர். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பேசித் தீர்த்திருப்பேன்.

சிஸ்டர், எங்கள் ஒழுங்கையில் முதல் டொக்டர் அவன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் மகள் பத்தோடு நின்றவள். அந்த வெள்ளைக் கோட்டு சும்மா வந்த உடுப்பு அல்ல. கிளிநொச்சி டவுனில் அளவெடுத்து, முழுக்கை வைத்து, கையில் பொத்தான் வைத்துத் தைப்பித்தோம். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நானே கழுவி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, நானே அழுத்தி மடித்துக் கொடுக்கிறேன். பஸ்ஸில் வந்து பரந்தன் சந்தியில் இறங்கும்போதும் கோட்டைக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஊர் பார்க்கட்டும். கோட்டு இல்லாவிட்டால் டொக்டருக்கும் போன் கடைப் பொடியனுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு வா என்று சொன்னீர்களாம். எந்தத் துணிவில் சொன்னீர்கள் என்று அறிய விரும்புகிறேன். தீபாவளிக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு மனுக் கொடுப்பேன். நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எந்த ஊர், யாருடைய மகள் என்பதையும் எழுதவும்.

டெலிபோன் எடுக்க வேண்டாம். டெலிபோனில் கோபம் வந்தால் என் வாய் முன்னுக்கு ஓடும், நான் பின்னுக்கு ஓட வேண்டி வரும். கடதாசியில் என்றால் இரண்டு பேருக்கும் யோசிக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
சி. சிவனேஸ்வரி

*

மகப்பேற்று விடுதி
16.10.2025

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

ஓம், டொக்டர் நிருஷனை மறித்தது நான்தான். ஆவணி முதலாம் திகதியிலிருந்து எங்கள் விடுதிக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. உள்ளே வருகிறவரின் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. நீளக் கை, மணிக்கூடு, மோதிரம், கோயில் நூல், எதுவும். டொக்டருக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். வயிறு வெட்டிய தாயின் காயத்தைப் பார்க்கும் டொக்டர் குனிகிறார். கை காயத்தில் படுகிறது, சட்டைக்கையின் விளிம்பு பக்கத்தில் படுகிறது. பிறகு கையைக் கழுவுகிறார். சட்டைக்கையை யார் கழுவுவது? அது அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போகிறது. மணிக்கட்டை மூடிக்கொண்டு கை கழுவினால் அது பாதிக் கழுவல்தான்.

ஆடியில் எங்கள் விடுதியில் ஒரு தாயின் காயம் சீழ்பிடித்தது. இருபத்துமூன்று நாள் படுத்திருந்தா. பால் கட்டி, காய்ச்சலில் முனகிக்கொண்டு, பிள்ளையை மற்றவர்களின் கையில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தா. கிருமி யாருடைய உடுப்பில் வந்தது, உடுப்பில்தான் வந்ததா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஒருவராலும் முடியாது. ஆனால் வரக்கூடிய வழி ஒன்றைக் கண்ட பிறகு அதைத் திறந்து விட்டுவிட்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய்க்குப் பிறகு ஒரு காயமும் பழுதாகவில்லை. கதவுக்குப் பக்கத்துப் பலகையில் தினமும் காலையில் நாள் எழுதுகிறேன். இன்று எழுபத்தொன்பது.

உங்கள் பேரனின் கோட்டில், வலது கை விளிம்பில், சிவப்பாகக் கறை இருந்தது. என்ன கறை என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியாக எப்போது கழுவியது என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திரும்பிப் போங்கோ என்றேன்.

மனுக் கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கோ. இந்த அறிவித்தலுக்கு எதிராக இரண்டு டொக்டர்மார் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். ஊர்ச்சனத்திடமிருந்தும் ஒன்று போனால் அறிவித்தலைக் கழற்றிவிடுவார்கள். என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பயத்தில் இதை எழுதவில்லை.

என் ஊர் மலையாளபுரம். மூக்கனின் மகள். அப்பா உங்கள் பக்கத்து வயல்களில் நெல் அரிவி வெட்டியவர். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

இப்படிக்கு,
மூ. சுமித்திரா
விடுதிச் சகோதரி

*

அம்மாளாச்சி துணை

வட்டக்கச்சி
22.10.2025

சிஸ்டர் சுமித்திராவுக்கு,

தீபாவளி போய்விட்டது. நிருஷன் வரவில்லை. வேலை கூட அம்மம்மா என்றான். பலகாரம் எல்லாம் டின்னில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதலாம் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அந்தச் சிவப்புக் கறை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

அது இரத்தம் அல்ல. குங்குமம். வைத்தது நான்.

சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகள் புத்தகம் வைப்பார்கள். நாங்கள் அவனுடைய கோட்டையும், நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயையும் வைத்தோம். விஜயதசமி காலையில் எடுத்து, மருந்து எழுதுகிற கை என்று வலது கை விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூசையில் வைத்த பொட்டு தன்பாட்டில் அழிய வேண்டும், தண்ணீர் படக்கூடாது என்றேன். "அம்மம்மா, இது ஆஸ்பத்திரிக்குப் போடுற கோட்டு" என்று இழுத்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

உங்கள் முன்னாலும் அதனால்தான் வாய் திறக்கவில்லை. எங்கட அம்மம்மா வைத்த பொட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், அவன் தப்பியிருப்பான். என்னைச் சிரிக்கக் கொடுக்காமல் தான் நின்று ஏச்சு வாங்கியிருக்கிறான். நான் வளர்த்த பிள்ளை அப்படித்தான். இதில் எனக்கு இருக்கிற பெருமையை நீங்கள் மறிக்க முடியாது.

அதற்காக உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கமலேஸ்வரியைக் கூப்பிட்டு முற்றத்தில் இருத்தி, அன்றைக்கு வாசலில் கண்டதை முதலிலிருந்து சொல்லு என்றேன். அவள் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். நிருஷன் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் உங்கள் பெரிய டொக்டர் வந்தாராம். நீளக் கைக் கோட்டு, கழுத்தில் ரை, கையில் இவ்வளவு பெரிய மணிக்கூடு. நீங்கள் "குட் மோர்னிங் சேர்" என்று சொல்லிக் கதவைத் திறந்து விட்டீர்களாம்.

டொக்டருக்கும் அதுதான், எனக்கும் அதுதான் என்று எழுதினீர்களே. பெரிய டொக்டரின் சட்டைக்கையில் கிருமி ஏறாதா? ஆள் பார்த்துத்தான் ஏறுமா? இதற்குப் பதில் வந்த பிறகு மனுவைப் பற்றி யோசிப்பேன்.

மூக்கனைத் தெரியும். அவர் வெட்டிய வரம்பில் கதிர் சிந்திக் கிடக்காது. யாருடைய மகள் என்று நான் கேட்ட விதம் சரியில்லை. அதை நானே எழுதிவிடுகிறேன்.

சி. சிவனேஸ்வரி

*

மகப்பேற்று விடுதி
29.10.2025

அம்மாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி மூன்று கடதாசி கிழித்துவிட்டேன். இது நான்காவது.

நீங்கள் கேட்டது சரி. பெரிய டொக்டரை நான் மறிக்கவில்லை. ஆவணியிலிருந்து ஒரு நாளும் மறிக்கவில்லை. அவர் வரும் நேரம் அறிவித்தலைப் பார்ப்பார் என்று நினைத்து அதைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி ஒட்டினேன். அவர் பார்க்கவில்லை. அதற்குமேல் எனக்குத் துணிவு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். பெரிய டொக்டரின் வழியில் கை நீட்டிய தாதி ஒருத்தியையும் நான் கண்டதில்லை. பயிற்சி டொக்டரை மறிப்பது சுலபம். சுலபமான இடத்தில் என் சட்டத்தைக் காட்டினேன்.

உரத்துக் கேட்டதும் பிழை. ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதற்கு டொக்டர் நிருஷனிடம் நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்கள் வைத்த தவணைக்குப் பிந்திவிட்டது.

அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மறித்த அன்று பின்னேரம் அந்தக் கோட்டை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "சிஸ்டர், இதை லாப்புக்கு அனுப்பிப் பாப்பம். நீங்கள் சொல்லுறது சரியோ எண்டு எனக்கும் தெரியவேணும்" என்றார். இரண்டு கையின் விளிம்பையும் துடைத்தெடுத்து அனுப்பினோம். என்னை வெல்லத்தான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். முடிவு வந்தபோது அவரே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும் கிருமி இரண்டு கையிலும் இருந்தது, வலது கையில் அதிகம். அன்றிலிருந்து அரைக்கைச் சேட்டோடுதான் விடுதிக்கு வருகிறார்.

கிருமி எங்கே ஏறியது என்று முடிவில் எழுதியிருக்காது. விடுதிக்கு வெளியே எங்கேயோ. பஸ்ஸாக இருக்கலாம், வேறு இடமாக இருக்கலாம்.

உங்கள் கஞ்சியில் குற்றமில்லை, குங்குமத்திலும் குற்றமில்லை. ஒரே கோட்டை ஐந்தாறு நாள் எல்லா இடத்துக்கும் போட்டுக்கொண்டு போய், அதோடேயே காயத்துக்கு மேல் குனிவதுதான் குற்றம்.

பெரிய டொக்டர் விடயத்தில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகத்தான் எழுதுகிறேன்.

சுமித்திரா

*

அம்மாளாச்சி துணை

வட்டக்கச்சி
04.11.2025

பிள்ளை சுமித்திரா,

இனி சிஸ்டர் என்று எழுதப்போவதில்லை. மூன்று கடதாசி கிழித்து உண்மை எழுதுகிற ஆளைப் பிள்ளை என்றுதான் எனக்குக் கூப்பிட வரும்.

கிருமி எங்கே ஏறியது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கக் கமலேஸ்வரியிடம் போனேன். பேனையைக் கையில் எடுத்தவள் வைத்துவிட்டாள். "சிவனேசக்கா, ஏசாதேங்கோ. என்ரை மருமகள் அங்கை படுத்து எழும்பி வந்தவள். காயம் பூப்போலை ஆறியிருக்கு. நான் எப்பிடி அந்த மிசிக்கு எதிராக் கையெழுத்து வைப்பன்?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எழும்பி வர வெளிக்கிட்டபோது உள்ளே கட்டிலில் அவள் புருசன் சிற்றம்பலம் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். சீனி வருத்தக்காரர். பாதத்தில் புண், துணி சுற்றியிருந்தது.

அப்படியே படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

விஜயதசமி அன்று பூசை முடிந்து கோட்டோடு அவனைச் சந்திவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் டொக்டர் வந்தால் சும்மா விடுவார்களா? இருமல் என்றவர்கள், நாரிப்பிடிப்பு என்றவர்கள். சிற்றம்பலத்தின் புண்ணைப் பாருடா என்று நான்தான் உள்ளே அனுப்பினேன். துணியைப் பிரித்து, குனிந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கிப் பார்த்தான். அந்தச் சட்டைக்கை எங்கே பட்டது என்று நான் பார்க்கவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்று, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். கோட்டைக் கழுவவில்லை. கழுவாதே என்று சொன்னவள் நான்.

அந்தக் கோட்டோடுதான் செவ்வாய்க்கிழமை அவன் உன் வாசலுக்கு வந்தான். உள்ளே சாரங்கா வயிறு வெட்டி இரண்டாம் நாள் படுத்திருந்தாள். மாமனின் காலில் இருந்தது மருமகளின் வயிற்றுக்குப் போக எத்தனை அடி இருந்தது, பிள்ளை? நீ நின்ற அந்த ஒரு வாசல்தான்.

இதைக் கமலேஸ்வரிக்குச் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் எனக்கு நித்திரை வராது. அவள், பெடியன் அவருடைய காலைப் பார்த்தது நல்லதுக்குத்தானே என்றாள்.

இனிப் பெரிய டொக்டர் கதை. நீ என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதினாய். நான் படிக்காதவள், ஆனால் எனக்கு இது கடினமாகத் தெரியவில்லை. எங்கள் கோயிலுக்கு எத்தனை பெரிய ஆம்பிளை வந்தாலும் வாசலில் என்ன செய்கிறான்? சேட்டைக் கழற்றுகிறான். கழற்றித் தோளில் போடுகிறான், இல்லாவிட்டால் இடுப்பில் கட்டுகிறான். அதிபர் கழற்றுகிறார், ஏஜென்சிக்காரர் கழற்றுகிறார், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தொந்தியும் தொப்பையுமாகக் கழற்றுகிறார்கள். மரியாதை குறைந்துவிட்டது என்று ஒருவரும் திரும்பிப் போனதில்லை. ஐயர் ஒருவரையும் ஏச வேண்டி வந்ததில்லை. எல்லாரும் கழற்றுகிற வாசலில் கழற்றுவது வெட்கம் இல்லை. ஒருவனை மட்டும் கழற்றச் சொன்னால்தான் வெட்கம்.

அதனால் வாசலுக்கு வெளியே கொழுக்கி அடித்து வை. ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக அடி. பெரிய டொக்டருக்கும் ஒரு கொழுக்கி இருக்க வேண்டும். பிறகு மறி.

நீ அவரை மறித்தால் என் பேரனை மறித்தது நியாயம். மறிக்காவிட்டால் அநியாயம், நான் மனுவைக் கொடுத்துவிடுவேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

சிவனேஸ்வரி அம்மம்மா

*

மகப்பேற்று விடுதி
13.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அற்றெண்டன் நிரோஜனைக் கொண்டு எட்டுக் கொழுக்கி அடித்தோம். சனிக்கிழமை அடித்தது, திங்கட்கிழமை பெரிய டொக்டர் வந்தார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஏனென்றால் இதில் உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு இருக்கிறது.

எட்டரை மணி. அவருக்குப் பின்னால் நான்கு டொக்டர்மார், இரண்டு மாணவர்கள். உங்கள் பேரன் ஏற்கெனவே உள்ளே, அரைக்கைச் சேட்டோடு கட்டில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு முன்னால் நின்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். கோட்டையும் மணிக்கூட்டையும் கழற்றிக் கொழுக்கியில் போட்டுவிட்டு வாருங்கோ சேர் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். "ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"விடுதிப் பொறுப்பாளர் நான் சொல்லுறன் சேர். கோயில் வாசல்லை கழட்டுறீங்கள்தானே."

இந்த வசனம் என் வாயில் வந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு.

உள்ளே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் அன்றைக்குத் தாய்மாரைப் பார்க்க ஆள் இல்லை, பழி என் தலையில். அந்த நேரம் என் முதுகுப் பக்கம் கதவு திறந்தது. டொக்டர் நிருஷன் வெளியே வந்தார். பயிற்சி முடிவில் அவருக்குக் கையெழுத்து வைக்கப்போகிறவர் இந்தப் பெரிய டொக்டர்தான், அது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. ஒரு எட்டு முன்னுக்கு வைத்து இரண்டு கையையும் நீட்டினார்.

"தாங்கோ சேர், நான் கொழுவி விடுறன்" என்றார்.

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. பெரிய டொக்டர் அவருடைய வெறுங்கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். மணிக்கூட்டைக் கழற்றித் தானே கால்சட்டைப் பைக்குள் போட்டார். ரையைத் தூக்கிச் சேட்டுக்குள் செருகினார். சேட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். பின்னால் வந்த எல்லாரும் கோட்டுகளைக் கொழுவ வரிசையில் நின்றார்கள். கட்டில் பார்த்து முடியும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலிலும் கை கழுவினார், முழங்கைவரை.

செவ்வாயும் புதனும் அவர் அரைக்கையோடு வந்தார். இன்று காலை பணிப்பாளரின் கந்தோரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. விடுதி வாசலில் நிபுணரை மறித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னை வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றும் யோசனை இருக்கிறதாம். பெரிய டொக்டர் சொல்லி வந்ததா, முந்தி எழுதிய அந்த இரண்டு பேர் சொல்லி வந்ததா என்று தெரியவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்தான். மாற்றினால் போவேன். அப்பாவின் மகள், எந்த வயலில் விட்டாலும் வெட்டுவேன். நான் போன பிறகு அந்த வாசலில் யார் நிற்பார்கள் என்பதுதான் யோசனை.

பலகையில் இன்று நூற்றேழு.

உங்கள் சுமித்திரா

*

அம்மாளாச்சி துணை

வட்டக்கச்சி
18.11.2025

பிள்ளை சுமித்திரா,

உன் கடிதத்தை மகளைக் கொண்டு உரத்து வாசிப்பித்தேன். "தாங்கோ சேர்" என்ற இடத்தில் மகள் நிறுத்திவிட்டாள். கடதாசியை என் மடியில் வைத்துவிட்டாள். மிச்சத்தை நான் வாசித்தேன்.

சனிக்கிழமை அவன் வந்தான். பரந்தனில் இறங்கி, அரைக்கைச் சேட்டும் தோளில் பையுமாக வந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய டொக்டரின் கோட்டைக் கை நீட்டி வாங்கினாயாமே என்று கேட்டேன். "அதெல்லாம் ஆர் சொன்னது அம்மம்மா" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் பிட்டைக் கிளறினான். சிற்றம்பலத்தின் புண்ணைப் பார்க்கப் போகும்போது கையுறை போட்டுக்கொண்டு போனான். வந்து கிணற்றடியில் நின்று முழங்கைவரை கழுவினான். வேலிக்கு மேலால் இரண்டு பெண்டுகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

மனுவைக் கொடுத்துவிட்டேன்.

திடுக்கிடாதே, முழுதாக வாசி. நேற்றுக் கிளிநொச்சிக்குப் போய்ப் பதிவுத் தபாலில் பணிப்பாளருக்கு அனுப்பினேன். பிரதி இதோடு இருக்கிறது. முன்னர் எழுதிய நான்கு பக்கத்தில் ஒரு வரியைத் தவிர ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ஏழாம் திகதி காலை என் பேரனை வாசலில் மறித்ததும், கோட்டைக் கழற்றச் சொன்னதும், ஊர் வரிசையில் நான் தலை குனிந்ததும் அப்படியே இருக்கிறது. எல்லாம் நடந்ததுதானே. கடைசிப் பக்கத்தில் இந்தச் சிஸ்டரை அந்த விடுதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு, இந்தச் சிஸ்டரை அந்த வாசலிலிருந்து எடுத்தால் நாங்கள் வட்டக்கச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்த வாசலில் இருப்போம் என்று எழுதினேன். சிற்றம்பலத்தின் புண்ணையும் சாரங்காவின் காயத்தையும் பற்றி ஒரு பக்கம் சேர்த்தேன். குற்றவாளி நான் என்றும் எழுதியிருக்கிறேன்.

கமலேஸ்வரி முதல் கையெழுத்து. சாரங்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது. சிற்றம்பலம் மூன்றாவது. பிறகு சங்கக்கடைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு வரிசையில் நின்ற பதினான்கு பேரில் பதினொரு பேர் வைத்தார்கள். ஒருத்தி வாசித்துப் பார்த்துவிட்டு, "ஏனணை, இதிலை உங்கட டொக்டரைத் திருப்பி விட்டது எண்டு எழுதிக் கிடக்கு, வெட்கமில்லையோ?" என்று கேட்டாள். உன் டொக்டரை ஆராவது மறிச்சவையோ என்று கேட்டேன். அவளுக்கு டொக்டர் ஏது? கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள்.

பணிப்பாளர் உன்னைக் கூப்பிட்டு, யார் இந்தச் சிவனேஸ்வரி என்று கேட்பார். டொக்டர் நிருஷனின் அம்மம்மா என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே. டொக்டர்மாருக்கு அம்மம்மாமார் எத்தனையோ பேர் இருப்பார்கள். மனுவின் அடியில் நான் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துக் காட்டு:

இப்படிக்கு,
சி. சிவனேஸ்வரி,
அந்த வாசலில் முதன்முதல் மறிக்கப்பட்ட டொக்டரின் அம்மம்மா.